மந்தைவெளியில் மூன்று உறவினர் வீடுகளின் வலையமைப்புகளை இணைப்பது பற்றி

மந்தைவெளிக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பம் சென்னை மந்தைவெளியில் மூன்று வீடுகளில் வசிக்கிறது. எங்கள் வீடும் பெரியப்பாவின் வீடும் பின்பக்கம் ஒட்டியவை. வாசல்கள் வேறு வேறு தெருக்களைப் பார்த்திருந்தாலும் கொல்லைப்புறத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரே காம்பவுண்டுச் சுவர்தான் இருக்கிறது. அத்தையின் வீடு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. எங்கள் மொட்டை மாடியிலிருந்து அவர் வீட்டு மொட்டை மாடிக்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 180 மீட்டர் வரும். மூன்று வீடுகளிலும் தனித்தனியே இணைய இணைப்பு உண்டு.

தாத்தா காலத்துப் புகைப்படங்களையும் வீட்டுப் பத்திரங்களையும் சென்ற ஆண்டு ஸ்கேன் செய்து எங்கள் வீட்டிலுள்ள நாஸ் பெட்டியில் (வலையமைப்பில் இணைந்த சேமிப்புப் பெட்டி) சேமித்து வைத்தேன். எழுபத்தெட்டு வயதாகும் பெரியப்பா அந்தப் படங்களைத் தம் வீட்டுத் தொலைக்காட்சியிலேயே பார்க்க ஆசைப்படுகிறார். அவற்றின் இன்னொரு பிரதி வேறொரு வீட்டின் மாடியில் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்து அலமாரிக்குள் தண்ணீர் புகுந்து நாங்கள் இழந்த ஆல்பங்கள் இரண்டு இன்றுவரை மனத்தை விட்டு நீங்கவில்லை. அத்தை தனியாக இருப்பதால், அவர் வீட்டு வாசலிலும் கூடத்திலும் உள்ள இரண்டு கேமராக்களை அவருடைய சம்மதத்துடன் எங்கள் வீட்டிலிருந்து பார்க்க முடிய வேண்டும், அவற்றின் பதிவும் எங்கள் வீட்டிலேயே சேர வேண்டும் என்று நினைக்கிறேன்.

போன வாரம் ஒரு முயற்சி செய்தேன். கேட்-6 என்னும் செம்பு நெட்வொர்க் கேபிளைச் சுவர் மேல் கொண்டுபோய், ஒரு முனையை எங்கள் ரூட்டரிலும் மறுமுனையைப் பெரியப்பா வீட்டு ரூட்டரிலும் செருகினேன். சற்று நேரம் எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றியது. அன்று மாலைக்குள் எங்கள் வீட்டில் பாதி கைபேசிகளுக்கு இணையம் வரவில்லை. பெரியப்பாவின் தொலைக்காட்சியோ எங்கள் இணைய இணைப்பின் வழியாகப் படம் காட்டிக்கொண்டிருந்தது. கேபிளைப் பிடுங்கிய பிறகு, ஒவ்வொரு கருவியையும் அணைத்துப் போட்ட பின்னரே நிலைமை சீரானது. இரண்டு ரூட்டர்களின் முகவரியும் 192.168.1.1 என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

கேபிள் வழி சரிதானா, முகவரிகளை எப்படி அமைப்பது, அத்தை வீட்டுக்கு எந்த வழி நல்லது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய கேபிள் பணியாளர் எழுதியது:

வணக்கம். தொலைபேசித் துறையில் வெளிப்புறக் கேபிள் வேலையிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்து ஓய்வு பெற்றவன் நான். முகவரி விஷயத்தை அது தெரிந்தவர்கள் சொல்வார்கள். உங்கள் சுவர் மேல் கிடக்கும் அந்தச் செம்புக் கேபிளைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். தயவுசெய்து அதை மீண்டும் செருக வேண்டாம்.

கேட்-6 கேபிள் 100 மீட்டர் வரை போகும் என்பதால் உங்கள் கொல்லைத் தூரம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை என்று கடையில் சொல்லியிருப்பார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் இரண்டு வீடுகளுக்கும் மின் இணைப்பு தனி, எர்த் குழி தனி. அருகில் எங்காவது இடி விழும்போது அந்த இரண்டு எர்த்துகளுக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வேறுபாடு ஒரு கணம் தோன்றக்கூடும். அந்த நேரத்தில் இரண்டு வீட்டையும் சேர்க்கும் உலோகம் உங்கள் கேபிள் ஒன்றுதான். ஈதர்நெட் போர்ட்டின் உள்ளே இருக்கும் சிறிய மின்மாற்றி 1500 வோல்ட்டைத் தாங்கும்படிதான் வடிவமைக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் என் வீட்டுக்கும் பக்கத்து மனையில் இருக்கும் மகள் வீட்டுக்கும் நானே, அதுவும் தெரிந்தே, செம்புக் கேபிள் இழுத்திருந்தேன். ஐப்பசி மழையில் ஒரு நாள் இடி இடித்தபோது என் நெட்வொர்க் ஸ்விட்ச்சில் (பல கேபிள்களை இணைக்கும் பெட்டி) நான்கு போர்ட்டுகளும், மகள் வீட்டுத் தொலைக்காட்சியின் நெட்வொர்க் போர்ட்டும் ஒரே நேரத்தில் செயலிழந்தன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதே அன்று பெரிய ஆறுதலாக இருந்தது.

கட்டடத்திலிருந்து கட்டடத்துக்குக் கண்ணாடி இழைதான் போக வேண்டும். அதில் மின்சாரம் கடக்க வழியே இல்லை. உங்களுக்கு வேண்டியது ஒற்றைமுறை ஃபைபர், அதாவது சிங்கிள் மோட். வீட்டு இணையத்துக்கு இழுக்கிறார்களே, அதே ட்ராப் கேபிள். ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். இரண்டு இழைகள் உள்ளதாக வாங்குங்கள், ஒன்று பழுதானால் இன்னொன்று கைகொடுக்கும். ஜி.657.ஏ2 என்று உறையில் அச்சிட்டிருந்தால் அந்த இழை 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரையிலான வளைவைத் தாங்கும் வகை. மூலை முடுக்கு அதிகமுள்ள நம் வீடுகளுக்கு ஏற்றது. உள்ளே வலுவுக்காக எஃகுக் கம்பி வைத்த கேபிளும் உண்டு, எஃப்.ஆர்.பி. என்னும் உலோகமில்லாத நார்க்கம்பி வைத்ததும் உண்டு. நார்க்கம்பி உள்ளதையே கேளுங்கள். எஃகுக் கம்பி உள்ளதை வாங்கிவிட்டால், செம்புக்கு மாற்றாக இழை போட்டதன் பயனில் பாதி போய்விடும்.

இரு முனைகளிலும் மீடியா கன்வெர்ட்டர், அதாவது இழையின் ஒளிக்கும் ஈதர்நெட் கேபிளின் மின்குறிப்புக்கும் இடையே மாற்றித் தரும் பெட்டி, வேண்டும். ஒரே இழையில் போகவும் வரவும் செய்யும் கன்வெர்ட்டர்கள் ஏ, பி என்று ஜோடியாக வரும். ஒன்று 1310 நானோமீட்டர் ஒளியை அனுப்பி 1550-ஐ வாங்கிக்கொள்ளும், மற்றது அதற்கு நேர்மாறு. அவசரத்தில் இரண்டு ஏ வாங்கி வந்து, இழை அறுந்துவிட்டது என்று நாள் முழுவதும் தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கனெக்டரின் நிறத்தையும் பாருங்கள்: நீலம் என்றால் முனை நேராக மெருகேற்றப்பட்டது, பச்சை என்றால் எட்டு டிகிரி சாய்வாக மெருகேற்றப்பட்டது. இரண்டையும் கலந்தால் முனைகள் சரியாகப் பொருந்தாமல் ஒளி வீணாகும். கன்வெர்ட்டர்களில் பெரும்பாலும் நீலம்தான் வரும்.

வேலை நடக்கும்போது நீங்கள் உடன் நின்று கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கேபிள் சுவருக்குள் நுழையும் துளைக்குச் சற்று முன்பாக ஒரு கை அளவு கீழே தொங்கி, பிறகு மேலேறி உள்ளே போக வேண்டும். அப்போது மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், கேபிளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வராது. துளையையும் வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாகச் சாய்த்துப் போடச் சொல்லுங்கள். காம்பவுண்டுச் சுவர் நெடுக முக்கால் அங்குல பி.வி.சி. குழாய்க்குள் கேபிளை விடுங்கள். நம் ஊரில் அணிலும் எலியும் கேபிளுக்குச் செய்யும் சேதத்தை முப்பது ஆண்டுகள் பார்த்தவன் சொல்கிறேன்.

அடையாறு ஆலமரம் எழுதியது:

மேலே பெரியவர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நண்பர் கண்ட கோளாறுக்குக் கேபிள் காரணமில்லை என்பதால் அதை மட்டும் விளக்குகிறேன்.

ஒவ்வொரு ரூட்டருக்குள்ளும் டி.எச்.சி.பி. என்னும் சேவை ஓடுகிறது. புதிதாக வரும் கருவிக்கு முகவரியையும், வெளியே போகும் வாசல் எது என்பதையும் சொல்வது அதுதான். நீங்கள் இரண்டு ரூட்டர்களின் உள்புறப் போர்ட்டுகளையும் நேரடியாக இணைத்தபோது இரண்டு வீடும் ஒரே கூடமாகிவிட்டது; முகவரி கேட்ட கருவிக்கு எந்த ரூட்டர் முதலில் பதில் சொன்னதோ அதன் பேச்சே செல்லுபடியானது. போதாக்குறைக்கு இரண்டு வாசல்களுக்கும் ஒரே முகவரி. சில கருவிகள் பெரியப்பா வீட்டு ரூட்டரைத் தங்கள் வாசல் என்று நினைத்தன, சிலவற்றுக்கு ஏற்கெனவே இன்னொருவரிடம் இருந்த எண்ணே கொடுக்கப்பட்டது. மாலைவரை நன்றாக ஓடியதன் காரணம், பழைய முகவரிகளின் தவணை முடியாமல் இருந்ததுதான்.

ஒரு ரூட்டரின் டி.எச்.சி.பி.யை அணைத்துவிட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். இயங்கும்தான். ஆனால் இடையிலுள்ள கேபிளோ, கன்வெர்ட்டரின் மின்சாரமோ போன நேரத்தில் பெரியப்பா வீட்டில் இணையமும் சேர்ந்து போய்விடும், அங்கே யாருக்கும் காரணம் புரியாது. மாதப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு உங்கள் தெருவில் மின்சாரத்தை நிறுத்தினால், அடுத்த தெருவில் மின்சாரம் இருந்தும் அவருடைய கைபேசிக்கு முகவரி கிடைக்காது. நான் இதில் உறுதியாக இருப்பவன்: இணைப்பு இருக்கும்போது வீடுகள் பேசிக்கொள்ள வேண்டும், அறுந்துபோனாலும் ஒவ்வொரு வீடும் பழையபடி தானாக இயங்க வேண்டும். எனவே வலையமைப்புகளை ஒன்றாகக் கலக்காமல், தனித்தனியே வைத்து நடுவில் வழி மட்டும் போடுங்கள்.

உங்கள் வீடு 192.168.10.0/24, பெரியப்பா வீடு 192.168.20.0/24, அத்தை வீடு 192.168.30.0/24 என்று எண்களைப் பிரித்துக்கொள்ளுங்கள் (/24 என்றால் ஒரு வீட்டுக்குள் கடைசி எண் மட்டும் கருவிக்குக் கருவி மாறும்). 192.168.0, 192.168.1 ஆகிய இரண்டையும் எங்குமே வைக்காதீர்கள். கடையிலிருந்து வரும் பெரும்பாலான ரூட்டர்கள் அவற்றோடுதான் வருகின்றன என்பதால் நாளை யாரோ ஒரு புதிய பெட்டியைச் செருகும்போது மோதல் மீண்டும் தொடங்கும். இணைப்புக் கேபிளுக்கென்றே 10.77.0.0/30 போன்ற, இரண்டு கருவிகளுக்கு மட்டும் இடமுள்ள, ஒரு சிறிய எண் தொகுதி. அதில் உங்கள் பக்கம் 10.77.0.1, பெரியப்பா பக்கம் 10.77.0.2. பிறகு உங்கள் ரூட்டரில் ‘20-க்குப் போக வேண்டுமானால் 10.77.0.2 வழியாகப் போ’ என்றும், அவருடைய ரூட்டரில் ‘10-க்குப் போக வேண்டுமானால் 10.77.0.1 வழியாகப் போ’ என்றும் ஒவ்வொரு நிலையான வழியை எழுதினால் வேலை முடிந்தது. இந்த வழியில் என்.ஏ.டி., அதாவது அனுப்புபவரின் முகவரிக்குப் பதிலாக ரூட்டர் தன் முகவரியை வைக்கும் மாற்றம், வேண்டாம். அதைப் போட்டுவிட்டால் யார் வந்தார்கள் என்பது எதிர்ப்பக்கத்துக்குத் தெரியாமல் போய்விடும்.

இணைய நிறுவனம் கொடுக்கும் பெட்டிகள் பலவற்றில் நிலையான வழி எழுதவே இடம் இருக்காது. அந்தப் பெட்டியைப் பிரிட்ஜ் நிலைக்கு (ரூட்டர் வேலை செய்யாமல் இணையத்தை மட்டும் கடத்தும் நிலை) மாற்றித் தரச் சொல்லிவிட்டு, ஓபன்டபிள்யூஆர்டி என்னும் திறந்த ரூட்டர் மென்பொருள் ஓடக்கூடிய ஒரு ரூட்டரை அதன் பின்னால் ஒவ்வொரு வீட்டிலும் வையுங்கள். எந்த மாதிரியை வாங்கினாலும், அது ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்பதோடு வன்பொருள் பதிப்பு எண்ணையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் உள்ளே வேறு வேறு சில்லுகளோடு பெட்டிகள் விற்கப்படுகின்றன.

தடுப்பு விதிகளையும் அன்றே எழுதிவிடுங்கள். பெரியப்பா வீட்டிலிருந்து உங்கள் நாஸ் பெட்டிக்கு மட்டும் வழி இருந்தால் போதும். மாடியில் குடித்தனக்காரர்கள் இருந்தால் அவர்களுக்கு விருந்தினர் வைஃபை தனியாக இருக்க வேண்டும், அதிலிருந்து எந்த வீட்டுக்குள்ளும் போக முடியக் கூடாது. உறவு எவ்வளவு நெருக்கமானாலும் ஒரு வீட்டுக் கணினியில் புகுந்த தீநிரல் மூன்று வீட்டுக்கும் பரவ நாமே பாதை போட்டுக் கொடுக்கக் கூடாது.

நங்கநல்லூர்வாசி எழுதியது:

அத்தை வீட்டைப் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் என் அம்மா வீட்டுக்கு நான் இதையே செய்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

180 மீட்டருக்கு ஃபைபர் தொழில்நுட்பத்தில் எளிது. ஆனால் இடையில் இருப்பது மாநகராட்சியின் தெரு. அதன் மேலோ கீழோ கேபிள் கொண்டுபோக அனுமதி வேண்டும், மின்கம்பத்தில் கட்டுவதை நினைத்தும் பார்க்கக் கூடாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது விழுந்த மரங்களோடு தெருக்குறுக்கே தொங்கிய கேபிள்கள் எல்லாம் எப்படிச் சுருண்டு கிடந்தன என்பதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்த வழி, இரண்டு மொட்டை மாடிகளுக்கும் இடையே 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் பாலம். 2018-இல் வந்த அறிவிக்கையின்படி 5150 முதல் 5350 மெகாஹெர்ட்ஸ், 5470 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகளை, குறிப்பிட்ட ஆற்றல் வரம்புக்குள், உரிமம் இல்லாமல் வெளியிடத்திலும் பயன்படுத்தலாம், கருவி டபிள்யூ.பி.சி. என்னும் மத்திய அரசின் அலைவரிசைப் பிரிவின் ஒப்புதல் பெற்ற மாதிரியாக இருக்க வேண்டும். நேர்ப்பார்வை இருந்தால் இந்தத் தூரம் மிகச் சுலபம். ஆனால் எதிர்மாடி கண்ணுக்குத் தெரிவதே போதும் என்று எண்ணிவிட வேண்டாம். அலை நூல்போலப் போவதில்லை. உங்கள் தூரத்துக்கு நடுவழியில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் ஆரமுள்ள இடம் அதற்கு வேண்டும், அதில் பெரும்பகுதி மறைப்பின்றி இருக்க வேண்டும். இடையில் ஒரு தென்னை மட்டை ஆடினால், காய்ந்த நாளில் ஓடும் இணைப்பு மழை பெய்து மட்டை நனைந்ததும் தடுமாறும். அத்தையைக் கவனிக்க வேண்டிய நேரமே மழைக்காலம்தான் என்பதால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழி: இருக்கும் இணைய இணைப்புகளின் வழியாகவே வயர்கார்டு சுரங்கம், அதாவது இரண்டு வீட்டு ரூட்டர்களுக்கும் இடையே மறையாக்கம் செய்த தனிப்பாதை. இந்த மென்பொருள் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவுக்குள் 2020-இல், 5.6 பதிப்பில் சேர்க்கப்பட்டது. ஓபன்டபிள்யூஆர்டி ரூட்டரில் ஒரு மென்பொருள் தொகுப்பைச் சேர்த்தால் கிடைத்துவிடும். முதலில் உங்கள் ரூட்டரின் வெளிமுகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், உங்கள் நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொதுமுகவரியைப் பகிர்ந்து கொடுக்கிறது என்று பொருள்; வெளியிலிருந்து யாரும் உங்கள் கதவைத் தட்ட முடியாது. இரண்டு பக்கமும் அப்படி இருந்தால் ஐபிவி6 முகவரி (பகிராமல் தரக்கூடிய புதிய வகை முகவரி) கிடைக்கிறதா என்று பாருங்கள், அல்லது ஒரு பக்கத்துக்கு மட்டும் நிலையான முகவரி வாங்குங்கள். முகவரி பகிரப்படும் பக்கத்திலிருந்து 25 வினாடிக்கு ஒருமுறை உயிர்ச்செய்தி அனுப்பும்படி அமைத்தால் சுரங்கம் திறந்தே இருக்கும். இணையப் பக்கங்கள் பாதி திறந்து நின்றுவிட்டால், ஒரு தரவுப் பொதியின் அளவு 1420 பைட்டைத் தாண்டாதபடி எம்.டி.யு. (பொதியின் உச்ச அளவு) அமைப்பைச் சரிபாருங்கள்.

கேமராப் பதிவை உங்கள் வீட்டுக்கு அனுப்பும் எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். நொடிக்கு 4 மெகாபிட் ஓடும் ஒரு கேமரா ஒரு நாளில் ஏறத்தாழ 43 கிகாபைட் அனுப்பும். இரண்டு கேமராக்கள் இரவும் பகலும் அத்தையின் இணைப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கும், இணைப்பு நின்ற நேரத்துப் பதிவு எங்குமே இருக்காது. பதிவு அவர் வீட்டிலேயே நினைவக அட்டையில் இருக்கட்டும். நீங்கள் பார்க்கும்போது மட்டும் படம் வரட்டும். கூடத்துக் கேமராவை அணைக்க ஒரு ஸ்விட்ச் அத்தையின் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். என் அம்மாவுக்கு அப்படி ஒன்று வைத்த பிறகுதான் அந்தக் கூடத்தில் அவர் பழையபடி இயல்பாக உட்கார்ந்தார்.

மந்தைவெளிக்காரன் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வார இறுதிகளில் வேலை முடிந்தது.

கொல்லைச் சுவரில் குழாய் பதித்து நார்க்கம்பி ட்ராப் கேபிளைக் கொண்டுபோனோம். ரூட்டரிலிருந்து ரூட்டருக்கு 62 மீட்டர் வந்தது. கேபிள் துளைக்கு முன் தொங்கும் வளைவைப் பெரியப்பாவே நின்று பார்த்துச் சரிசெய்யச் சொன்னார். இணைப்பை ஐபெர்ஃப் என்னும் வேகச் சோதனை மென்பொருள் கொண்டு சோதித்ததில் நொடிக்கு 940 மெகாபிட் கிடைக்கிறது. அத்தை வீட்டுக்கு வயர்கார்டு போட்டாயிற்று. இரண்டு பக்கமும் முகவரி பகிர்வு இருந்ததால் ஐபிவி6 வழியாகத்தான் முடிந்தது. புகைப்படங்களின் இரண்டாம் பிரதி இப்போது பெரியப்பா வீட்டு மாடி அறையில் இருக்கிறது, இரவு இரண்டு மணிக்குத் தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது. கூடத்து ஸ்விட்ச்சையும் வைத்துவிட்டோம்.

பிறருக்கு உதவும் என்பதால் ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். எல்லாம் முடிந்தும் அத்தை வீட்டு வாசல் கேமரா மட்டும் எங்கள் வீட்டிலிருந்து பதில் தரவில்லை. அவர் வீட்டுக்குள் நின்று பார்த்தால் ஒழுங்காக வேலை செய்தது. அரைநாள் தேடிய பிறகு அதன் அமைப்புப் பக்கத்தில் கேட்வே என்ற கட்டம் காலியாக இருப்பதைக் கண்டேன். எங்கள் வினா அதைச் சென்றடைந்திருக்கிறது, பதிலைத் திருப்பி அனுப்ப வாசல் எதுவென்று அதற்குத் தெரியவில்லை. அங்கே 192.168.30.1 என்று எழுதியதும் வாசல் திண்ணையும் துளசி மாடமும் எங்கள் திரையில் வந்துவிட்டன.

மிச்சம் ஒரு குறை. பெரியப்பாவின் தொலைக்காட்சி எங்கள் நாஸ் பெட்டியைப் பட்டியலில் காட்டவில்லை. முகவரியைக் கொண்டு கணினியில் திறந்தால் படங்கள் வருகின்றன.

அடையாறு ஆலமரம் எழுதியது:

அது பழுதல்ல. தொலைக்காட்சி ‘இங்கே யார் படம் வைத்திருக்கிறீர்கள்?’ என்று தன் வலையமைப்புக்குள் மட்டும் கூவும். அந்தக் கூவல் ரூட்டரைத் தாண்டி அடுத்த வலையமைப்புக்குப் போகாது. அந்தத் தேடலை நம்பாமல், முகவரியை நேரடியாக எழுத இடம் தரும் ஒரு வீடியோ இயக்கிச் செயலியைத் தொலைக்காட்சியில் நிறுவி, நாஸ் பெட்டியின் முகவரியை ஒருமுறை எழுதிச் சேமித்துவிடுங்கள். அதைவிட எளிது, உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது: இரண்டாம் பிரதி பெரியப்பா வீட்டு மாடியிலேயே இருக்கிறதல்லவா, அந்தப் பெட்டியில் ஊடகப் பகிர்வை இயக்கிவிடுங்கள். அது அவர் வலையமைப்புக்குள்ளேயே இருப்பதால் தொலைக்காட்சி தானாகக் கண்டுகொள்ளும். நடுவிலுள்ள கேபிள் இல்லாத நாளிலும் அவர் படங்களைப் பார்க்கலாம்.